நெஞ்சுக்குழந்தை

இன்று சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். புதிதாக வாங்கிய கேரியர் பையில் பாப்பாவைத் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார் என் கணவர்.

ராட்டின வாசலில் டிக்கெட் கிழிப்பவர் தடுத்தார்.

“அண்ணே, கைக்குழந்தையோட ஏறக் கூடாது.”

இவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “கையில எங்கப்பா இருக்கு? நெஞ்சுல இல்ல கட்டியிருக்கேன்!”

டிக்கெட்காரர் குனிந்து பார்த்தார். பாப்பா அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டாள்.

“நெஞ்சுக்குழந்தைக்கும் அதே ரூல்தாண்ணே. அக்கா மட்டும் ஏறட்டும்.”

பாப்பா பிறந்த பிறகு முதல்முறையாக மடி காலியாக உட்கார்ந்தேன். மேலே போனதும் கடல் தெரிகிறதா என்று பார்க்க ஆசை. ஆனால் கண் கீழேயே போனது. அசையாத தரையில் நின்றுகொண்டு இவர் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து பார்த்தால் பாப்பா நல்ல தூக்கம்.

“அவதான் தூங்கிட்டாளே, இன்னும் என்னங்க ஆட்டம்?”

“நானா? நான் எங்க ஆடுறேன்?”

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, பாப்பாவைத் தொட்டிலில் போட்டாயிற்று. இவர் வெறும் பையை மாட்டிக்கொண்டு, அடுப்படியில் ஆடியபடியே பால் காய்ச்சுகிறார்.

இன்றைக்கு ராட்டினம் ஏறியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.