சம்பங்கிக்குப் பக்கத்தில் ஒரு சைப்ரஸ்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்கு வந்த முதல் சித்திரையில், மதியம் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். கை சுட்டுவிட்டது. கீசரை அணைக்க மறந்துவிட்டாயா என்று மனைவி கோமதியைக் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் கீசரே கிடையாது. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. கோத்தகிரியில் குளிப்பதற்கு விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தவன் நான். இங்கே வெந்நீரை வாளியில் பிடித்துவைத்து, ஆறிய பிறகு குளிக்கிறேன். மலையில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். என்னைப் போல வேலைக்காக இறங்கி வந்து ஸ்ரீ சிட்டியிலும் திருப்பதியிலும் வேர்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தலையாட்டுவீர்கள்.

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் எந்திரம் பழுதுபார்க்க வந்தேன். கோமதி அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் அப்பா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிறந்த தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டோம். இங்கேயும் தமிழ்தானே, கவலை என்ன என்ற தைரியத்தில்தான் வந்தேன். முதல் நாளே மாமனார் என்னைப் பார்த்து, "இன்னா மாப்ள, துன்னியா?" என்றார். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பாவம், சாப்பிட்டாயா என்று பிரியமாகக் கேட்டிருக்கிறார். கரண்ட் பில் தெலுங்கில் வரும், பஸ் பலகை தெலுங்கில் இருக்கும், கடைக்காரர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். பழகுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

வீட்டு வாசலில், கேட்டை ஒட்டி, கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. அதில் என்ன வைப்பது என்பதுதான் எங்கள் முதல் பெரிய சண்டை. எனக்குச் சைப்ரஸ் வேண்டும். அவளுக்குச் சம்பங்கி. மரத்தில் பூக்கிற செண்பகம் இல்லை, கிழங்கு ஊன்றினால் கோல் விட்டுப் பூக்குமே, மாலைக்கு வாங்குகிறோமே, அது.

"பூக்காத மரத்துக்கு இன்னாத்துக்குங்க தண்ணி ஊத்தணும்? சாமிக்கு ஒரு பூ குடுக்குமா? என் தலைக்குக் குடுக்குமா? சும்மா நின்னுகினு இருக்கும்."

"உன் கிழங்கு மட்டும் என்ன? பாதி நாள் மண்ணுக்குள்ள தூங்கும். வர்றவங்களுக்கு வெறும் மண்ணைக் காட்டச் சொல்றியா? என் மரம் வருசம் பூரா பச்சையா இருக்கும்."

உண்மையைச் சொன்னால், கோத்தகிரியில் இருந்தவரை சைப்ரஸை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அது நிற்கிற பக்கம் வெளிச்சம் வராது, ஈரம் போகாது. அதன் மேல் துணி காயப்போட்டால் சாயங்காலம் வரை நசநசவென்றிருக்கும். என் அண்ணன் இரண்டு மரங்களை வெட்டி விறகாக்கியபோது நானே கோடாலியை எடுத்துக் கொடுத்தேன். அப்படிப்பட்டவனுக்கு, நகரியின் சுட்டெரிக்கும் தெருவில் நின்றதும், அந்த இருட்டும் ஈரமும் வேண்டும் போலிருந்தது. மனித மனம் விவஸ்தை கெட்டது.

கோமதி பேசுவதிலும் நியாயம் இருந்தது. கிழங்கு தனக்கு வேண்டிய தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தால் அடங்கிவிடும், மழை வந்தால் எழுந்துவிடும். தோண்டினால் ஒன்றுக்குப் பத்தாகப் பெருகியிருக்கும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். சைப்ரஸ் அப்படி இல்லை. வேர் பிடித்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது, யாருக்கும் பங்கு கொடுக்க முடியாது. இப்படி இருவரும் மாறிமாறி அடுக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டு அலுத்துப்போன மாமனார், "ரெண்டையும் வெச்சித் தொலைங்க. மண்ணு இன்னா கோச்சிக்கவா போவுது?" என்றார்.

ஐப்பசி மழையில் ஊருக்குப் போய், இடுப்புயரக் கன்று ஒன்றைச் சாக்கில் சுற்றி, பஸ் மாறி பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மரத்தைச் சுற்றி அவள் கிழங்குகளை ஊன்றினாள். எதிர்வீட்டு ரேணுகா அக்கா வந்து கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டிசம்பர் வந்தா இதுல ஸ்டாரு கட்டுவீங்களா தம்பி?"

"எங்க ஊர்ல எல்லாரும் கட்டுவோம்க்கா. இங்கயும் கட்டினா நல்லாத்தான் இருக்கும்."

மலையில் ஸ்டார் கட்ட யாரும் சாதி, மதம் பார்ப்பதில்லை. கேக் எந்த வீட்டில் கொடுக்கிறார்களோ அந்த வீட்டுப் பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கா தலையாட்டிக்கொண்டு போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

கோடை வந்தது. சம்பங்கி தழை காய்ந்து மண்ணுக்குள் அடங்கியது. மரம் வாடுகிறதே என்று பதறி, உச்சி வெயிலில் குழாயைத் திறந்து வேர் நனைய ஊற்றினேன். தொட்டித் தண்ணீர் முகத்தைச் சுடும் என்று தெரிந்தவனுக்கு வேரையும் சுடும் என்று தோன்றவில்லை. மலைத் தண்ணீர் புத்தி. சில நாளில் ஒரு பக்கம் துருப்பிடித்தது போல் பழுத்துவிட்டது. கோமதி பழைய புடவை ஒன்றை நான்கு கம்புகளில் பந்தலாகக் கட்டினாள். விடியலில், ஆறிய தண்ணீரைச் சொம்பால் ஊற்றினாள். கத்திரி வெயில் முடியும்போது மரம் மறுபடி பச்சையாக நின்றது.

ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்கு ஜாத்திரை, அதாவது திருவிழா. போன ஆடிக்குப் பிறகு புதுவீடு கட்டியவர்களைக் கோயில் கமிட்டியார் தாம்பூலத் தட்டோடு வந்து அழைப்பார்கள். அந்த வீட்டு மாலைதான் அம்மனுக்கு முதலில் சாத்தப்படும். கோமதி சிறுமியாக இருந்த நாளிலிருந்து காத்திருந்த அழைப்பு அது. கமிட்டித் தலைவர் முனிரத்தினம் தட்டோடு வந்தார். தெருக்கோடியில் இருந்த இன்னொரு புதுவீட்டுக்குப் போனார். எங்கள் வாசலைத் தாண்டித் திரும்பிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னுதான் சார் வரல. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. வாசல்லயே கிறிஸ்துமஸ் மரம் கீதே."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை, மலையில் இது எல்லார் வாசலிலும் நிற்கிற மரம் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுவா இருந்தா இன்னா சார், சாமி ஒண்ணுதான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சர்ச்சுக்குப் போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எனக்குச் சுட்டது அந்த 'சார்'. தெருவில் எல்லா வீட்டு மருமகனும் அவருக்கு 'மாப்ள'. நான் மட்டும் சார்.

கோமதி அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். "பொறந்த தெருவுலயே நான் வெளியாளாயிட்டேங்க" என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவள் ஓடிவந்து பிடுங்கினாள்.

"இத்தப் பேத்துப் போட்டா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும். என் பொடவயக் கட்டிக் காப்பாத்துன மரங்க இது. கூப்டாத்தான் போணுமா? எங்க அம்மன் அது."

ஆனி மழைக்கே கிழங்குகள் எழுந்துவிட்டிருந்தன. ஜாத்திரை அன்று காலை கோல் கோலாகப் பூத்து நின்றது சம்பங்கி. முழுவதையும் பறித்துக் கட்டினாள். ஆனாலும் மாலை இளைத்துத்தான் இருந்தது. இடையில் பச்சை வைத்துக் கட்ட மரிக்கொழுந்து தேடினோம், கடைவீதியில் கிடைக்கவில்லை. கோமதி எழுந்தாள், வாசலுக்குப் போனாள், என்னைக் கேட்காமலேயே சைப்ரஸ் நுனிகளை ஒடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளை, பச்சை, வெள்ளை என்று மாலை புஷ்டியாக எழுந்தது. அழைக்காத வீட்டின் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தெரு நடுவே நடந்தாள். நான் பின்னால் போனேன். பயமாகத்தான் இருந்தது.

முனிரத்தினம் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அவர் மாலையைக் கையில் வாங்கி முகர்ந்தார்.

"இன்னாம்மா இது, கற்பூரம் மாதிரி வாசன வருது?"

"எங்க வாசல் மரம் மாமா. உங்க மாப்ள மலையிலருந்து கொண்ணாந்தது."

அவர் இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு பூசாரியிடம் நீட்டினார். அன்று மதியத்து வெயிலில் அத்தனை மாலைகளும் துவண்டு கறுத்துப்போயின. சாயங்காலம் அம்மன் தெருவலம் புறப்பட்டபோது பூசாரி வாடியதையெல்லாம் களைந்தார். எங்கள் மாலையை விட்டுவைத்தார். சம்பங்கி சற்றே தலை தொங்கினாலும், சைப்ரஸ் அப்போதுதான் ஒடித்தது போல் விறைப்பாக இருந்தது. மேளச் சத்தத்தோடு அம்மன் எங்கள் வாசலுக்கு வந்தாள், கழுத்தில் கோத்தகிரியும் நகரியும் ஒன்றாகக் கிடந்தன. கோமதி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, வாசலில் மளுக் மளுக்கென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். முனிரத்தினம், கேட்டுக்கு வெளியே நின்றபடி, கைக்கு எட்டிய நுனிகளையெல்லாம் ஒடித்துத் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, தயங்கவும் இல்லை. "கோயிலுக்கு மாப்ள" என்றார், அவ்வளவுதான்.

பிறகு ரேணுகா அக்கா ஒடித்தார். பிறகு தெருவே ஒடித்தது. மூன்று வருடமாகிறது, மரம் என் தலையைத் தாண்டிவிட்டது. வீட்டுப் பக்கம் அடர்த்தியாக, மலையில் நிற்பது போலவே இருண்டிருக்கிறது. தெருப் பக்கம் கையெட்டும் உயரம் வரை வெறும் குச்சி. சைப்ரஸை அந்த அளவுக்கு ஒடித்துவிட்டால் அந்தப் பக்கம் இனி ஒருபோதும் துளிர்க்காது. மலையில் பிறந்தவனுக்கு இது தெரியும். இந்தத் தெருவில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.