வெந்நீர் பாய்லரும் எங்கள் மனையும்

வெந்நீர் பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு இருபத்தைந்து வயதில்தான் புரிந்தது. அதற்குள், அதனால் எங்கள் வீடு போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுக் கொல்லையில் செம்பு பாய்லர் ஒன்று இருந்தது. நடுவில் தீ எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் வெந்நீர் பிடிக்கத் திருகு. விடியற்காலையில் கொட்டாங்கச்சி போட்டு அதைப் பற்றவைப்பது என் அம்மாவின் வேலை. தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டுக்காரர்களின் வேலை. மேல்மூடியையும் திருகையும் அம்மா தொடக்கூடாது, தொட்டால் தண்ணீர் தீட்டு. தீக்குத் தீட்டு கிடையாதாம். நல்ல சாஸ்திரம்! புகையில் உட்கார ஆள் வேண்டுமே, அதனால் தீக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள்.

ஒரு தை மாதம், அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் தெருவே வயலில் இறங்காமல் நின்றது. அப்பாதான் கொடி பிடித்தார். அம்மா மட்டும் கொல்லை வேலைக்குப் போய்வந்தாள். எங்கள் குடிசை மிராசுதாரின் மனையில் இருந்தது. அது போய்விடக் கூடாதே என்ற பயம்.

அந்த நாட்களில் ஒருநாள், முந்தின நாள் வந்த விருந்தாளிகள் குளித்தே பாய்லரைத் தீர்த்துவிட்டிருந்தார்கள். திரும்ப ஊற்ற ஒருவருக்கும் நினைவில்லை. அம்மா வழக்கம்போலப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் இணைப்புகளில் இருந்த ஈயம் உருகிக் குழாய் விட்டுப்போயிற்று.

மிராசுதார் காரியக்காரரைக் கூப்பிட்டார். "கொடி புடிச்சவன் பொண்டாட்டி வேணும்னே காலியா எரிச்சிருக்கா. மனையக் காலி பண்ணச் சொல்லு."

தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டிய வீட்டம்மா பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் மேடைதோறும் ஓட்டுப் போடும் எங்களை இந்நாட்டு மன்னர்கள் என்றார்கள். மன்னர் குடும்பம் பானை சட்டியோடு வாய்க்கால் புறம்போக்குக்குப் போயிற்று. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தபோது, எங்களுக்கு மனையே இல்லை.

அம்மா கவனமில்லாமல் இருந்துவிட்டாள் என்றே நானும் நம்பினேன். ஒரு மழைநாளில், ஒழுகும் கூரைக்குக் கீழே, சொல்லியும்விட்டேன்: "ஒன்னாலதான் வீடு போச்சு." அவள் ஒழுகிய இடத்துக்குச் சட்டியை நகர்த்திவைத்தாள்.

பிறகு மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் வேலைக்குச் சேர்ந்தேன். சுவரில் மாட்டியிருந்த விதிகளில் முதல் விதி: தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் தீ வைக்கக்கூடாது. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாவிட்டால் தீ உலோகத்தையே தின்றுவிடும். எத்தனை எளிய விஷயம்! படித்ததும் அம்மா தொடக்கூடாத அந்த மேல்மூடிதான் நினைவுக்கு வந்தது.

அன்று வீட்டுக்குப் போன கையோடு சொன்னேன். "தீ வெக்கிறவங்கதாம்மா தண்ணியப் பாக்கணும். ஒன்ன அவங்க பாக்கவே விடல. ஒம்மேல தப்பே இல்ல."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து நிமிரவில்லை.

"தொறந்து பாத்திருந்தா தீட்டுன்னு காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. பாக்கல, அப்பவும் காலி பண்ணச் சொன்னாங்க. இது எனக்கு அன்னைக்கே தெரியும்டா."

கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அவங்க சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. நீ சொன்னதுதான் மறக்கல."