மூக்கர் குடித்த சுருட்டு

என் அக்காவின் கணவரைச் சுருட்டுக் கம்பெனியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றைப் பற்ற வைத்து, வாசனையும் ருசியும் சரியா என்று சொல்ல வேண்டும்; சம்பளம் வாங்கிக்கொண்டு சுருட்டுக் குடிப்பது அவர் வேலை. கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும். வேலைக்கு நடுவில் ஒளிந்து நின்று ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுகிறவர்கள் நிறைந்த உலகத்தில், இவர் மேசை போட்டு உட்கார்ந்து குடித்தார்.

அந்தக் கம்பெனி செய்தது பெரிய மனிதர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற சுருட்டு இல்லை. கடையில் உதிரியாகக் கிடைக்கிற தினப்படிச் சுருட்டு. உள்ளே உடைந்த இலை, மேலே சுற்ற மட்டும் சுமாரான முழு இலை. லாரி ஓட்டுகிறவர், காவலாளி, தையல்காரர் வாங்குவது. அதை உயர்ந்த சுருட்டோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் அத்தானுக்கு ஆகாது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மாப்ளே, இது ராஜாவுக்குச் செய்யல. நாள் பூரா நின்னவன் வீட்டுக்குப் போய் உக்காந்து பத்த வைக்கிறான். தொண்டையப் பிடிக்கக் கூடாது. பாதியில அணையக் கூடாது. கடைசியில கசக்கக் கூடாது. இந்த விலைக்கு அது போதும். ஆனா அது இருந்தே ஆகணும்.”

அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். மனுஷன் சரியான கல்லுளிமங்கன். வீட்டில் “சாப்பாடு”, “துண்டு”, “கதவு” என்று ஒற்றைச் சொல்லில் காலம் தள்ளினார். அக்கா வீட்டு விஷயம் எதையாவது சொன்னால் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்புவார். பதில் வந்துவிட்டதாக அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். என் இயந்திரங்கள் இவரைவிட நன்றாகப் பேசும் என்று அவளிடம் கேலி செய்வேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்ததுதான். உடம்பு தேறி வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை நாளில் நான் அவர்கள் வீட்டுப் படியேறும்போதே தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் கரியாகிப் போயிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் அத்தான் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பயம். அத்தான் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“யார்கிட்டயும் சொல்லிடாதடா,” என்றாள் அக்கா, ஈரத் தலையோடு. “காய்ச்சலுக்கு அப்புறம் அவருக்கு எந்த வாசனையும் தெரியல. நாக்கும் மரத்துப் போச்சு.”

“அப்ப சுருட்டு எப்படிப் பாக்குறாரு?”

அவள் கரிந்த பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை இருந்தேன், நானே பார்த்தேன்.

அத்தான் பையிலிருந்து முந்தின நாள் சரக்கில் ஒரு சுருட்டை எடுத்தார். விரலால் உருட்டி, எங்கே கட்டி, எங்கே பொள்ளல் என்று தடவினார். பற்ற வைக்காமலே ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். இதற்கெல்லாம் மூக்கு வேண்டாம். பிறகு எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். காற்றுப் பட்டால் சுருட்டு ஒரு பக்கமாக எரியும். வாசனையும் கலைந்து போகும். அக்கா வந்து அவர் எதிரில், முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பற்ற வைத்து, நிதானமாக அவள் பக்கம் புகையை விட்டார்.

“எப்படி இருக்கு?”

அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொடாதவள். “முன்னாடி பரவால்லங்க. பின்னால பச்சை வாடை வருது. இலை சரியாப் புழுங்கல போல.”

“எவ்வளவு? போன வாரச் சரக்கு அளவுக்கா?”

“அதவிடக் கொஞ்சம் கம்மி.”

பாதி எரிந்ததும் மறுபடி கேட்டார். முடியும்போது இன்னொருமுறை. சாம்பல் வெள்ளையாக நிற்கிறதா என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார். அவள் சொன்னதை மறுநாள் கம்பெனியில் தன் வார்த்தையாகச் சொல்வார். வீட்டுக்கு எடுத்துவந்து மறுநாள் பதில் சொல்ல வசதியாக, ஒரு ராத்திரி ஆறப் போட்டால்தான் சுருட்டின் குணம் தெரியும் என்று அங்கே ஒரு புதுச் சட்டத்தையும் போட்டுவிட்டிருந்தார்.

ஆறேழு மாதத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. முதலில் தூசி என்றாள், அப்புறம் பனி என்றாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் நெஞ்சு முதலிலிருந்தே பலவீனம், புகை இருக்கிற அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்று சாயங்காலமும் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்துப்போகப் போறியா?”

“அந்த வேலை போச்சுன்னா அவரு செத்துருவாருடா. மூக்கர் மூக்கர்னு கூப்புட்டுட்டு, நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்க.”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கையில் தீக்குச்சி இருந்தது. அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு காலையில் அந்தக் கம்பெனியின் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதென்று என்னை அனுப்பினார்கள். கதவை நெம்பித் திறந்தேன். உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கி, நாடா ஒட்டி, லாரியில் ஏற்றத் தயாராக நின்றன. சரக்குக்குச் சரக்கு நிறம் மாற்றி ஒட்டுகிற வில்லை இந்தப் பெட்டிகளில் ஊதாவாக இருந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்த சுருட்டிலும் அதே ஊதா. கடைசியில் கசக்கிறது என்று அக்கா இருமிக்கொண்டே சொன்ன சரக்கு. அத்தான் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பியிருப்பார்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டேன். “இதை மூக்கர் இன்னும் பாத்து முடிக்கலயேங்க?”

அந்த அம்மா நல்ல மாதிரி. என் தோளைத் தட்டிக் குரலைத் தாழ்த்தினார். “அவரு பாக்குறதுக்கு முன்னாடியே போயிடும் தம்பி. இப்ப இலை பதம் பண்ணியே வருது. எடையும் இழுப்பும் மெஷின் பாத்துக்குது. முதலாளிதான், பழைய ஆளு, ஓய்வு பெறுற வரைக்கும் மனசு நோகாம இருக்கட்டும்னுட்டாரு.”

“வேண்டாம்னு அவர் ஒதுக்குறதெல்லாம்?”

“அதுவும் போயிடும். சரிங்க ஐயான்னு சொல்லிக்குவோம். குடிக்கிறவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

உப்புக்குச் சப்பாணியாக ஒரு மனிதரை மேசை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அது அவர்களுடைய கருணை. அந்தக் கருணைக்கு என் அக்காவின் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. லிஃப்டை ஓட வைத்துக் கொடுத்தேன். பெட்டிகள் கீழே போயின.

அன்று சாயங்காலம் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறை முழுக்கப் புகை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்தி இருமிவிட்டு, மறுபடி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல்களைத் திறந்தேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“போன மாசம் நான் ஒதுக்கினது?” என்றார் அத்தான்.

“அதுவும் போச்சு அத்தான்.”

சுருட்டை நசுக்கக் கூடாது, தானாக அணைய விட வேண்டும் என்பார். அன்று சாம்பல் தட்டில் வைத்து நசுக்கினார். இலை பிதுங்கி வெளியே வரும்வரை நசுக்கினார். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் யாரும் ஏன் என்று கேட்டு வரவில்லை.

ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. அக்காவின் இருமல் போகவில்லை. இப்போது கட்டிலை விட்டு இறங்கினாலே மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது. குழாய் மூக்கில் இருக்கிறது. போன வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, சும்மா இருக்க முடியாமல் சொன்னேன். “நான் அன்னைக்குச் சொல்லலன்னா நீ இன்னும் அந்தப் புகையிலதான் உக்காந்திருப்ப.”

“உக்காந்திருப்பேன்,” என்றாள்.

“எதுக்குக்கா? அத்தனையும் வீண்.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “அந்தச் சுருட்டு லாரியில போனா எனக்கென்ன, சாக்கடையில போனா எனக்கென்னடா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பத்தான் தினமும் கேட்டாரு. எதிர்ல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. நான் சொன்னதத்தான் போய்ச் சொன்னாரு. அத நிறுத்திட்டியேடா.”

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அத்தான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெஷினில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போனார்.