ஆறு பக்கப் பென்சில்

புதுப் பென்சில் வாங்கினால் அவர் முதலில் முனையைச் சீவுவதில்லை. பிளேடை எடுத்து, ஒரு பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்தைச் சுரண்டிவிடுகிறார். பிறகு மீதி ஐந்து பக்கத்தையும் அதே அளவுக்குச் சுரண்டுகிறார். “ஒரு பக்கம் மட்டும் தனியாத் தெரிஞ்சா கண்ணு அங்கேயே போகுது” என்பார். அந்தப் பென்சிலை மேசைமேல் உருட்டி உருட்டித்தான் யோசனையெல்லாம்.

கல்லூரியில் அவருக்குப் பெயர் ‘கணக்கு’. ஆனால் வேலை வேதியியல் துறையில். மற்றவர்கள் விரலில் மருந்துக் கறை. இவர் விரலில் பென்சில் கரி. இரண்டு பொருளைச் சேர்த்தால் எவ்வளவு வேகமாக வினை நடக்கும் என்று, குடுவையைத் தொடாமலே தாளில் போட்டுச் சொல்லிவிடுவார். “எது எரியும்னு கரெக்டா சொல்வாரு. அடுப்பைப் பத்த வைக்க மட்டும் நான் வரணும்” என்கிறார் மனைவி.

பக்கத்து அறைக்காரருக்குப் பெயர் ‘குடுவை’; எதையும் சோதனை செய்துதான் பார்ப்பார். கூடப் படித்தவர், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த அறையில் எந்நேரமும் மாணவர் கூட்டம், சிரிப்பு. இந்த அறையில் கடிகாரச் சத்தம். அந்தக் கதவு இன்றைக்கு எத்தனை தடவை திறந்தது என்று கேட்டால் கணக்கு சரியாகச் சொல்லிவிடுவார். குடுவைக்கு விருது கொடுத்த நாளில் முதல் ஆளாகக் கை தட்டியவர் இவர்தான். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

போன மாதம் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. பதினான்கு வருடமாக இவர் காத்திருந்த நாற்காலி. இரண்டு பேருமே மனுப் போட்டார்கள். திங்கட்கிழமை நேர்முகம்.

வெள்ளிக்கிழமை குடுவை ஒரு கட்டுரையோடு வந்தார். “டேய் கணக்கு, திங்கக்கிழமை இதைத்தான் காட்டப்போறேன். ஓட்டை இருந்தா சொல்லு. போட்டிக்காரன் கிட்டயே குடுக்கிறேன் பாரு. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?”

குடுவை தாளில் போட்டுப் பார்த்த வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான் சோதனையில் வந்திருந்தது. ஏதோ ஒரு புதிய தடை நடுவில் நிற்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுதான் கட்டுரை. மூன்றாம் பக்கத்திலேயே இவருக்கு விளங்கிவிட்டது. அந்த மூலக்கூறு ஆறு முனை வளையம். எப்படித் திருப்பினாலும் ஒரே முகம். குடுவை அந்த ஒரே முகத்தை ஆறு முகமாக எண்ணிவிட்டார். அவர் போட்ட வேகத்தை ஆறால் வகுத்துவிட்டால் சோதனையோடு ஒத்துப்போகும்; தடையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை.

“நல்லாருக்கு” என்றார் கணக்கு.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் வயிறு குளிர்ந்தது. தேர்வுக் குழுவில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். நாற்காலி தானாக இந்தப் பக்கம் வரும். பொய்யா சொன்னார்? எழுத்து நன்றாகத்தானே இருந்தது.

ஞாயிறு காலை சாமி கும்பிடக் கண்ணை மூடினார். சாமி வரவில்லை. வளையம் வந்து சுற்றியது.

“என்னங்க, இன்னைக்கு இவ்ளோ நேரம்? அந்த வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா?” என்றார் மனைவி.

“கேக்க வாய் வரல” என்றார்.

திங்கள் காலை குடுவை புதுச் சட்டையில் வந்து நின்றார். “காலர் சரியா இருக்காடா? யாருக்குக் கிடைச்சாலும் சாப்பாடு உன் செலவு, இப்பவே சொல்லிட்டேன்.”

கணக்கு எழுந்து காலரை மடித்துவிட்டார். வாசல் வரை போன நண்பரை, “அஞ்சு நிமிஷம் உட்காருடா” என்று கூப்பிட்டார்.

சுரண்டிய பென்சிலை மேசைமேல் வைத்து ஒரு விரலால் மெல்லத் திருப்பினார். அதே முகம். இன்னொரு தடவை. அதே முகம். நாலாவது திருப்பலில் குடுவையின் சிரிப்பு நின்றுபோனது. கணக்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறையும் திருப்பி முடித்து, பென்சிலை எடுத்து நண்பர் கையில் கொடுத்தார்.