பைஸ்டாண்டராக வந்தவர்

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு ஓர் ஆள் கூட இருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். எனக்கு அப்படி யாரும் கிடையாது. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். திருப்பூர், மங்களூர், விழிஞ்ஞம் என்று வேலை கிடைத்த இடத்தில் இருப்பேன், அலுத்ததும் கிளம்பிவிடுவேன். திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கிளம்பவும் முடியாமல் போயிற்று. காலையில் எழ முடியாது. சாக வேண்டும் என்று தோன்றவில்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மா கெட்டமின் என்று ஒரு மருந்தைச் சொன்னார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்துதானாம். அளவைக் குறைத்து டிரிப்பில் ஏற்றினால் என்னைப் போன்றவர்களில் சிலருக்குக் கேட்கிறதாம். ஆனால் பைஸ்டாண்டர் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள்.

ஹோட்டலில் பரோட்டா மாஸ்டரும் நானும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நாகர்கோவில் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர். விஷயத்தைக் கேட்டதும், "நான் வாறேம்லே. ஏசி ரூம்ல சும்மா இருக்க வேலைன்னா கசக்குமா?" என்றார்.

டாக்டரம்மா அக்கிரகாரத்துத் தமிழ் பேசுவார். மாஸ்டரைத்தான் பார்த்துச் சொன்னார்: "ரொம்ப நாள் துக்கத்துல கெடந்தா மூளையில நரம்போட கிளையெல்லாம் சுருங்கிப் போயிடறது. இந்த மருந்து உள்ள போனா கொஞ்ச நாளைக்கு அது மறுபடி துளிர்க்கும். அந்தச் சமயத்துலதான் இவரை நடக்க வைக்கணும், பேச வைக்கணும். படுக்க விட்டேள்னா பிரயோஜனம் இல்லை."

"கறிவேப்பிலைச் செடி மாதிரின்னு சொல்லுங்க. அப்பப்ப நுள்ளிக்கிட்டே இருக்கணும்."

"அப்படியே வெச்சுக்கோங்கோ."

"கொடைக்கானல்ல பயலுவ காளானைத் தின்னுட்டு மரத்துகிட்ட பேசிக்கிட்டு நிப்பானுவ. அந்தச் சரக்கா டாக்டரே இது?"

அவர் சிரித்துவிட்டார். "அது வேற. வெளிநாட்டுல அந்தக் காளான் மருந்தையும் வெச்சு ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கா. நமக்கு இங்க இதுதான் உண்டு."

முதல் முறை மருந்து ஏறியபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சாமியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. என் உடம்பு யாரோ கழற்றி ஆணியில் மாட்டிய சட்டை போல இருந்தது. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். கண் விழித்தபோது மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கலே போயிட்டு வந்த?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி."

"பின்ன ஏன் அழுத?"

அழுதது எனக்குத் தெரியாது.

அதிலிருந்து தினமும் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்புவார். கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்ரீவராகம் குளம் வரை நடை. நான் நின்றால் முதுகில் ஒரு தட்டு. வழி நெடுக வாய் ஓயாது. ஒருநாள் சிப்ஸ் கடை முன்னால், எண்ணெய்ச் சட்டியில் விழுந்த ஏத்தங்காயைப் பார்த்தபோது எனக்குப் பசித்தது. சொன்னேன். "நீ பசிக்குன்னு சொல்லி இப்பத்தாம்லே கேக்கேன்" என்று ஒரு பொட்டலம் வாங்கி, பாதியை அவரே தின்றார்.

கடைசி முறை மருந்து ஏற்றப் போனபோது நான் தேறியிருந்தேன். நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். மாஸ்டர் தன் கையையும் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கெட்டும் சிஸ்டர். இவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி கெடக்கான்."

அவளும் சிரித்துக்கொண்டே கட்டினாள். மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மற்றக் கையில் கட்டிப் பார்த்தாள்.

"சேட்டா, பிரஷருக்கு மருந்நு வல்லதும் கழிக்குண்டோ?" மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள்.

"பொறோட்டா கழிக்கும்."

"தமாசயல்ல கேட்டோ. பிரஷர் ஒத்திரி கூடுதலா."

டாக்டரம்மா வந்து பார்த்தார். இந்த அளவு பிரஷரோடு நடமாடக் கூடாது என்றார். மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப இந்த மருந்த எனக்கு ஏத்த மாட்டீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "எம் பொண்டாட்டி போனதுலேருந்து உறக்கம் கெடையாது டாக்டரே. மாவு பெசையும்போது கை மட்டும்தான் நம்மளது. பேசிக்கிட்டே இருந்தா யாருக்கும் தெரியாதுல்லா. இவன் எந்திரிச்சிட்டாம்னா, எனக்கும் கேக்கலாம்னு இருந்தேன்."

குரல் அதே வேடிக்கைக் குரல்தான். அவர் மனைவி காய்ச்சலில் இறந்தது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

முதலில் பிரஷரைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. மாஸ்டர் உப்பை விட்டார், ஊறுகாயை விட்டார், பீடியை விட்டார். "மாஸ்டருக்குப் பொண்ணு பாத்திருக்காவளாம்" என்று ஹோட்டலில் கேலி செய்தார்கள். பிரஷர் குறையவும் செய்தது. ஆனால் அடிக்கடி தலைவலி என்று அவர் சொன்னதால் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் மெலிந்து வீங்கியிருந்தது. இந்த மருந்து பிரஷரை ஏற்றும், அந்த இடம் தாங்காது. "இது உங்களுக்கு எப்பவுமே வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லி, வேறு மாத்திரை எழுதினார்.

மறுநாளும் நடந்தோம். குளத்தருகே நின்று கேட்டார்.

"அந்த மருந்து உள்ள போனப்ப யாரையாவது பாத்தியாலே? செத்துப் போனவங்க யாரும் உண்டா?"

"யாரும் இல்ல அண்ணாச்சி."

"பொய்யாவது சொல்லப்பிடாதா?" என்று முன்னால் நடந்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் கூட நடக்கிற ஆளிடம் அந்தப் பொய்யை எத்தனை நாள் காப்பாற்றுவது?

டாக்டரம்மா எழுதிய மாத்திரை அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சு நின்றது, பிறகு அடுப்படிக்கு வருவதும் நின்றது. தங்கை வந்து நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனாள். எனக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறிவிடுகிறேன். அங்கே புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். நாளாகும் என்கிறார்கள்.

போன ஞாயிறு அவரை வீட்டிலிருந்து கிளப்பித் தெருவில் நடக்க இறக்கினேன். நாலைந்து வீடு தாண்டி ஒரு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"நீ போ மக்கா. ரயில் போயிரும்" என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

அடுத்த ரயிலும் உண்டு என்றேன். சுவர் வெயிலில் சுட்டது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.