காலுக்கு எண்ணெய் பூசிய விஞ்ஞான ரீச்சர்

ஜசிந்தா ரீச்சரின் தம்பி காலையில் வந்து, படலைக்கு வெளியே நின்றே சொன்னான்: "பவானியக்கா, எங்கட அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா." நான் பூசைக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். "சொன்னனான்தானே! சொன்னனான்தானே!" என்று அவனைப் போட்டு ஏசினேன். அவன் என்ன செய்வான், பாவம்.

செத்த வீட்டில் எல்லோரும் ரீச்சரைப் புகழ்ந்தார்கள். கடைசிவரை பள்ளிக்கூடம் போனவர், தன் உடம்பைப் பாராமல் உழைத்தவர் என்றார்கள். அவரிடம் படித்து இன்று பல ஊர்களில் இருக்கும் பிள்ளைகளே, இந்த நினைவு மலரில் நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அதைப் புகழ்ச்சியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வளவுகளுக்கு நடுவில் ஒரு வேலிதான். நான் சண்டைக்கால இடப்பெயர்வோடு படிப்பை விட்டவள். மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைத் தேவாரம் படிப்பதுபோல நாளும் எடுத்து வாசித்து, விளங்காததை வேலிக்கு மேலால் ரீச்சரிடம் கேட்பேன். அவரும் வெங்காயம் கேட்டு என் குசினிக்கு வருவார். அதன் தோலை உரித்து, கண்ணுக்குத் தெரியாத கலங்களை நுணுக்குக்காட்டியில் பிள்ளைகளுக்குப் பெரிதாகக் காட்டுவதற்கு. ஒரு வெள்ளிக்கிழமை, மீனின் இருதயத்தை வெட்டிக் காட்ட என் கத்தியைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையில என்ர கத்தி மீனைத் தொடாது" என்றேன்.

"ஏன், வெள்ளிக்கிழமை மீனுக்கு இருதயம் இல்லையெண்டு உம்மட அம்மன் சொன்னவவோ?"

"அம்மனை ஏன் இழுக்கிறியள்? போய் உங்கட மாதாவிட்டக் கத்தி கேளுங்கோ."

சிரித்துக்கொண்டே போனார். வெங்காயத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறிவிடும். ஒரு வருடம் என் கத்தரிக் கன்றுகள் வாடத் தொடங்கின. இலை வாடுகிறதென்று காலையும் மாலையும் இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். பூ உதிர்கிறதென்று சாம்பல் போட்டேன். ரீச்சர் வந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். உவரில் வேர் கறுத்துப்போயிருந்தது. தண்டை நீளத்துக்குக் கீறி, தண்ணீர் ஏறும் காழ் இழையம் எது என்று காட்டினார். வேர் உறிஞ்சினால்தான் காழில் தண்ணீர் ஏறும், ஏறினால்தான் இலை உணவு செய்யும், இலை செய்து அனுப்பினால்தான் வேருக்கே சாப்பாடு என்றார்.

"இலையில தெரியிறதெல்லாம் இலைக்கு வந்த வருத்தமில்லை, பவானி. எல்லாம் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டுதான் நிக்குது."

கலங்கள் சேர்ந்து இழையம், இழையங்கள் சேர்ந்து அங்கம், அங்கங்கள் சேர்ந்து தொகுதி என்று நான் சும்மா பாடமாக்கி வைத்திருந்தது, அன்றுதான் எனக்கு விளங்கியது.

இதைச் சொன்னவருக்குத்தான் போன வருடம் கால் வீங்கியது. வகுப்பில் நின்று நின்று வந்தது என்று எண்ணெய் பூசினார். படி ஏற மூச்சு வாங்கியது. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் தூள் என்றார். சாப்பாடு இறங்கவில்லை, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்தானே, ஒறுத்தல் என்றார். படுத்தால் இருமல் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தபடி நித்திரை கொண்டார். வீட்டு வரவுசெலவுக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு ஒன்று தெரியும்: நாலு இடத்தில் இடறினால் நாலு பிழை தேடக்கூடாது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பிழைதான் இருக்கும். "இருதயத்துக்கு இறைக்க ஏலாமல் கிடக்குது ரீச்சர், அதுதான் தண்ணி காலிலயும் நெஞ்சிலயும் கட்டுது" என்றேன்.

"என்ர பாடத்தை எனக்கே படிப்பிக்கிறீரோ? நல்ல பிள்ளை, புள்ளி போடுறன்."

அவரை இழுத்துக்கொண்டுதான் எங்கள் தீவின் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வேற என்ன செய்யுது?" என்று டாக்குத்தர் கேட்க, "கால் மட்டும்தான்" என்றார் ரீச்சர். நான் முழுவதையும் சொன்னேன். மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார். டாக்குத்தர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இன்றைக்கே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்றார்.

பஸ் நிற்கும் இடத்தில் சண்டை வந்தது.

"பதினோராம் வகுப்பு ஓயெல் பிள்ளையளுக்குச் சோதினை வருது. நான் போய்ப் படுத்தா ஆர் படிப்பிக்கிறது? தீவுக்கு வாற ரீச்சர்மார் வந்த கையோட இடமாற்றம் கேக்கினம். சோதினை முடியட்டும்."

"சோதினை எப்ப எண்டு உங்கட இருதயத்துக்குத் தெரியுமோ?"

"கத்தாதையும், சனம் பாக்குது."

"பாக்கட்டும். ஒரு அங்கமே முழுத் தொகுதியின்ர வேலையையும் செய்யிற உடம்பு எங்கயாவது இருக்கோ? நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

யாழ்ப்பாண பஸ் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. ரீச்சர் ஏறவில்லை; அது போய்விட்டது.

சோதனைக்கு முன்னரே ரீச்சர் போய்விட்டார். பிள்ளைகள் அவர் இல்லாமலேதான் எழுதினார்கள். அவர் படிப்பித்த இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. தன்னைக் கொடுத்து இவர் எதை வாங்கினார்? எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை. அம்மன் சந்நிதியில் நின்றும் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன். கோபம் ரீச்சரோடு மட்டுமல்ல. ஒரு தீவின் பாடம் முழுவதையும் ஒரு பெண்ணின் நெஞ்சிலே ஏற்றிவிட்டு, பிறகு மாலையோடு வந்தார்களே, அவர்களோடும்தான்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பொறுமையின்மை. தெருவில் ஒருத்தி "தலையிடி மட்டும்தான்", "களைப்பு மட்டும்தான்" என்றால் இப்போது என்னால் விட ஏலாது. கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவர்கள் மறைப்பதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். போன கிழமை பின்வீட்டு மல்லிகாவை டாக்குத்தர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பெருநாள் முடிந்த பிறகு போகிறேன் என்றார் மல்லிகா. நான் விடவில்லை. "இனி என்ர வீட்டுப் பக்கம் வராதேங்கோ" என்று ஏசினார். ஏசிக்கொண்டே சேலை மாற்றினார். மாற்றி முடியும்வரை நான் அறை வாசலைவிட்டு அசையவில்லை.