ஆறாவது வெடி

பாறைக் கிணறு வெட்டுகிறவனுக்குக் கீழே இருக்கிற பாறையும் எதிரி, மேலே நின்று "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்கிற சொந்தக்காரரும் எதிரி. தலைக்கு மேல் ஆள் நின்று விரட்ட வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் சின்னாளப்பட்டிப் பக்கம் பேச்சியம்மாள் என்பவருடைய கிணற்றை ஆழப்படுத்தப் போனேன். கிணறு வறண்டு, அவருடைய மல்லிகைத் தோட்டம் வாடிக்கொண்டிருந்தது.

தட்டிப் பார்த்தல்

தங்கச் சுரங்கத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். இறங்கியதும் கடப்பாரையால் சுவரைத் தட்டிப் பார்ப்பது அங்கே படிந்த பழக்கம். கணீரென்றால் நல்ல பாறை. பொத்தென்றால் பிளந்து நிற்கிற பாறை, எப்போது வேண்டுமானாலும் தலையில் விழும். கூட்டாளி சோலையும் நானும் தினமும் அரை மணி நேரம் தட்டுவோம். பேச்சியம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏப்பா மேஸ்திரி, கெணறு வெட்ட வந்தீகளா, தேங்கா வாங்க வந்தீகளா?"

என் பெருமை

மத்தியானம் வேப்பமரத்தடியில் கம்பங்கஞ்சி குடிக்கும்போது சுரங்கக் கதையை அளந்துவிடுவேன். ஒரு மைல் ஆழத்தில் பூமியின் கனம் தாங்காமல் பாறை தானாகவே படீரென்று சிதறும், மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுப்போம், எந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று நடுங்குவோம் என்றெல்லாம் சொல்வேன். சோலை வாயைப் பிளந்து கேட்பான். பேச்சியம்மாள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகச் சுட்ட கருவாட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அங்கன தண்ணி வந்துருமேன்னு பயந்தீக, இங்கன வரலையேன்னு நான் பயந்து கெடக்கேன். வரும்போது அதுல கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்ல?"

எண்ணிக்கை

ஆறு துளைகளில் மருந்து திணித்து, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினோம். ஆறு சத்தமும் கேட்டால்தான் இறங்கலாம்; ஒன்று குறைந்தாலும் மறுநாள்வரை யாரும் இறங்கக் கூடாது. எண்ணினேன், சரியாக ஆறு. சோலை கயிற்றைப் பிடித்தான்.

பேச்சியம்மாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தார். "எறங்காதலே, அஞ்சுதான்."

"ஆறுதான் அக்கா, நான் எண்ணினேன்" என்றேன்.

"அஞ்சுக்கு எங் காலு அதிர்ந்துச்சு. கடைசிச் சத்தத்துக்கு அதிரலை. அது மேற்கால வேற கெணத்துல வச்ச வெடி."

வெறுங்காலோடு நின்ற அவருக்குத் தெரிந்தது, புது டயர் செருப்பு போட்டிருந்த எனக்குத் தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் தினமும் எங்களை விரட்டியவர் அன்று கிணற்றை மறித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மறுநாள் இறங்கிப் பார்த்தால், ஒரு துளையில் திரி பாதியில் அவிந்து, மருந்து அப்படியே இருந்தது. சோலையின் கடப்பாரை அதில் பட்டிருந்தால் என்று நினைத்ததும் அவன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்தேன். பக்கத்தில் வேறு துளை போட்டு அதை வெடிக்க வைத்தோம். அந்த வெடியில்தான் தண்ணீர் வந்தது. அதற்குள் இரண்டு வரிசை மல்லிகை கருகிப்போயிருந்தது. "ஒரு நாள் வீணாப் போச்சே அக்கா" என்றேன். பேச்சியம்மாள் செடியைப் பார்க்கவில்லை, சோலையைப் பார்த்தார். "செடி போனா வேற ஊண்டிக்கிறலாம். இவன் போனா எங்கன போயி ஊண்டுறது?"

ஒரு மைல் ஆழத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது என்பதால், அன்று முதல் வெடி எண்ணும்போது மட்டும் நான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.